ஐந்து கிராம் பாலம்

தேசிய ஆவணக் காப்பகத்தின் கூடத்தில் நின்றிருந்த ஊர் வரலாற்றுக் குழுச் செயலாளரின் சட்டைக்குள், பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவே, பழுப்பேறிய தாள் ஒன்று இருந்தது. அவருக்கு வியர்த்து வழிந்தது. மூன்றடி தள்ளி நின்ற காவலர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனா, பை, குடை எல்லாத்தையும் இங்கயே வச்சிடுங்க. உள்ள பென்சில் மட்டும்தான்," என்றார் காவலர். "வெளிய வரும்போது முழுசா சோதிப்போம்."

"வெளிய வரும்போது தாராளமா சோதிங்க," என்றார் செயலாளர்.

ஊர் வரலாற்றுக் குழுவில் மொத்தம் ஏழு பேர். ஊருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு பழைய கல் பாலம். அதைக் கட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம் என்று நகராட்சி முடிவு செய்த நாளிலிருந்து குழுவில் நிம்மதி போயிற்று.

கட்டியது என் கொள்ளுத்தாத்தா என்றார், மருந்துக்கடை வைத்திருந்த செயலாளர். இல்லை, என் கொள்ளுத்தாத்தா என்றார் குழுத் தலைவர். தலைவர் ஓய்வு பெற்ற ஓவர்சியர். செயலாளருடைய மனைவியின் அண்ணன். மற்ற ஐந்து பேரும் நமக்கேன் வம்பு என்று வாயே திறப்பதில்லை.

"காப்பகத்துல பாலத்துக்குன்னு ஒரு பெட்டி இருக்காம். அதுல யார் பேர் இருக்கோ, அந்தப் பேர்தான் கல்லுல," என்று நகராட்சி கையைக் கழுவிவிட்டது. கல் திறப்பு வெள்ளிக்கிழமை. செயலாளர் அவசரக் குடுக்கையாகச் சம்பந்தி வீட்டாரை வேறு விழாவுக்கு அழைத்துவிட்டார். கல்லில் மச்சானின் கொள்ளுத்தாத்தா பெயர் இருந்தால், இந்த ஜன்மத்தில் மகள் வீட்டுப் பக்கம் தலை காட்ட முடியாது.

அதனால்தான் அந்தத் தாள். கடையின் பழைய நோட்டிலிருந்து கிழித்து, கொள்ளுத்தாத்தாவே பாலத்தைக் கட்டி முடித்ததாக எழுதி, டீ டிக்காஷனில் ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து எடுத்திருந்தார். "எதுக்குங்க நல்ல பேப்பரை டீயில முக்கறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "வரலாறு" என்று மட்டும் பதில் சொன்னார். அண்ணன் காதுக்குப் போய்விடக் கூடாதே.

காப்பக அதிகாரி அம்மா கையுறையை மாட்டியபடி வந்தார். "நாலு மணி நேரம் பஸ்ல வந்திருக்கீங்க. பெட்டி வர்ற வரைக்கும் உட்காருங்க."

வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. ஏழு பேரில் ஒருவரும் உட்காரவில்லை.

"வரலாறு இருக்கற இடத்துல உட்காரக் கூடாதுங்க," என்றார் தலைவர். மற்ற ஐவரும் விறைப்பாக ஆமோதித்தார்கள்.

செயலாளருக்கு உயிர் வந்தது. உட்கார்ந்தால் தாள் மடங்கும், மடங்கினால் சரசரக்கும். மச்சானின் வீறாப்பும் ஒரு நல்லதுக்கு உதவுகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள வரணும். ஆளுக்கு அஞ்சு நிமிஷம்," என்றார் அதிகாரி.

"நான் மொதல்ல போறேன் மச்சான்."

"போங்க மாப்பிள்ளை. எனக்கென்ன அவசரம்."

அடுத்து மச்சான் வருவார், தன் கையாலேயே அந்தத் தாளை எடுத்துப் படிப்பார். அந்த முகத்தை நினைத்தபோதே செயலாளருக்கு உள்ளம் குளிர்ந்தது.

உள்ளே அதிகாரி பெட்டியை முதலில் மேஜையில் வைக்கவில்லை. தராசில் வைத்தார். "ஒரு கிலோ நானூத்திப் பத்து கிராம்," என்று பதிவேட்டில் எழுதினார்.

"எடை எதுக்கும்மா?"

"நீங்க பார்த்து முடிச்சதும் மறுபடி போடுவோம். ஒரு கிராம் குறைஞ்சாலும் போலீஸைக் கூப்பிடணும்."

செயலாளர் காதில் போலீஸ் மட்டும்தான் விழுந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சம்பந்தியின் நமுட்டுச் சிரிப்பு கண் முன்னால் வந்தது. அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மூடியை இரண்டு விரற்கடை தூக்கித் தாளை உள்ளே தள்ளினார். பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வரலாற்றுக் குழுச் செயலாளருக்குத் தோன்றவே இல்லை.

பெட்டி மறுபடி தராசில் ஏறியது.

"ஒரு கிலோ நானூத்திப் பதினஞ்சு," என்றார் அதிகாரி. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

செயலாளர் உடைந்துபோனார். "அம்மா, புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். பிள்ளைகுட்டிக்காரன். சம்பந்தி வீட்டுல வேற சொல்லி வச்சிட்டேன்..." கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அதிகாரி மூடியைத் திறந்து, மேலாக இருந்த தாளை எடுத்து மோந்து பார்த்தார். "டீயா?"

"ஆ... ஆமாங்க."

"காபி போட்டிருக்கலாம். டீ சீக்கிரம் வெளுத்துடும்."

"போலீஸ்னு சொன்னீங்களே..."

"குறைஞ்சாத்தான் சார் போலீஸ். கூடினா என்ன பண்ணணும்னு விதி எதுவும் இல்ல." தாளைப் பத்திரமாக உள்ளே வைத்து, புது எடையை எழுதி, பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

செயலாளருக்குப் போன உயிர் திரும்பியது. பாலம் தனக்கே! வெள்ளிக்கிழமை விழா, கழுத்தில் மாலை, சம்பந்தியின் வியப்பு எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. "அப்போ கல்லுல எங்க கொள்ளுத்தாத்தா பேர்தானேம்மா?" என்றார்.

அதிகாரி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கையெழுத்தைப் போட்டுட்டு நகருங்க சார், மத்த ஆறு பேரும் அவங்கவங்க தாளை வைக்கணும்."