வெளியூர்க்காரிக்கு ஒரு குரல்

நாகர்கோவில் கல்லூரியின் உள்ளரங்கத்துக்கு இப்போது யாரும் போட்டி பார்க்க வருவதில்லை. கட்டிய நாளிலிருந்து கூடைப்பந்துக்கும் மல்யுத்தத்துக்கும் எழுந்த கூச்சல் முழுவதையும் அரங்கமே சேர்த்து வைத்திருக்கிறது. விளையாடுகிறவருக்காக முன்பு கத்தியவர்களின் குரலை அதுவே திரும்ப ஒலிக்கவிடும்.

எஸ்தர் மட்டும் மகள் மெர்லினின் மல்யுத்தத்துக்கு வருவாள். வாயைத் திறக்க மாட்டாள். இறந்துபோன கணவரின் குரலைக் கேட்கத்தான் வருகிறாள்.

"விடாத மக்களே, அமுக்கு" என்று மகளை ஏவியது அந்தக் குரல்.

மெர்லினின் பிடியில் கிடந்த வெளியூர்ப் பெண் பூவிழிக்கு இந்த அரங்கத்தில் ஒரு குரலும் இல்லை. எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினாள்.

"பூவிழி, எழும்பு மக்களே."

பூவிழி எழுந்து ஜெயித்துவிட்டாள்.

"நீ யாருக்க அம்மா?" என்று வழியெல்லாம் சண்டை போட்டாள் மெர்லின்.

"உனக்கு அப்பா சத்தம் போடுவாருல்லா. அந்தப் பிள்ளைக்கு யாரு உண்டு?"

மறுவருடம் பூவிழி வந்தபோது எஸ்தர் உயிரோடு இல்லை. மெர்லின் அவளைக் கீழே சாய்த்தாள்.

"பூவிழி, எழும்பு மக்களே" என்றது அம்மாவின் குரல்.

மெர்லின் பிடியைத் தளர்த்தினாள். பூவிழி எழும்வரை காத்திருந்து, அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்தபடி மறுபடியும் சாய்த்தாள்.