பன்னிரண்டு மணிப் பால்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியுமுன் வேனில் புறப்பட்டவர்கள் காலி நகரத்துக் கோட்டை மதிலில் ஏறும்போது பகல் பன்னிரண்டரை ஆகிவிட்டது. கடலைக் கண்டதும் நிமலன் மூத்த மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி லோகநாயகிக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. இளையவள் கவிநயாவுக்கு ஒன்றரை வயது. வேனில் வாந்தி எடுப்பாள் என்று தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்தார்கள். கொழுந்தெடுக்கும் தாய்மார் மத்தியானம் அங்கே வந்துதான் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலாயியை லோகநாயகி ஃபோனில் கூப்பிட்டாள்.

"பாப்பா அழுறாளாக்கா?"

"என்னடி கேக்குற? இப்பத்தானே வந்து பால் குடுத்துத் தூக்கிட்டுப் போன?"

"நான் காலியில இருக்கேங்க்கா."

"வெளையாடாத. ஒன் சேல முழங்கால் வரைக்கும் ஈரம். மழையே இல்லையேன்னு கேட்டேன், சிரிச்ச. நீ நின்ன எடமெல்லாம் இன்னும் மணலாக் கெடக்கு."

லோகநாயகி தன் சேலையைப் பார்த்தாள். அது காய்ந்துதான் இருந்தது. அவர்கள் இன்னும் கடலில் இறங்கவில்லை. வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"அக்கா, எங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

அவர்கள் குடியிருக்கும் லயம் பிள்ளைக்காம்பராவுக்கு எதிரில்தான். வேலாயி ஃபோனை வைக்காமலே நடந்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம்.

"லோகா! உள்ளயா இருக்க?"

கவிநயா சிரித்தாள். அதற்குப் பின்னால் லோகநாயகியின் குரல், அவள் எப்போதும் பேசுவதைப் போலவே பேசியது.

"இந்தா வர்றேங்க்கா. பாப்பாவுக்குச் செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன். கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்."