பெண் வீட்டு நாற்காலி

"எல்லாரும் குதிச்சா யாரும்மா பிடிக்கிறது?"

மாடிப்படியின் கீழே சித்தப்பா கையை விரித்து நிற்க, மூன்றாம் படியிலிருந்து குதித்து விளையாடியபோது மகள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். வீடே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. யார் வீட்டில் தீப்பிடிக்கும், யார் வண்டி கவிழும் என்று கணக்குப் போடுகிற வேலை. வேறு நாட்டில், வேறு மொழியில் வளர்ந்தவள். பிறந்த வீட்டில் ஆளுக்கொரு குடை. வானம் கறுக்கும் முன்பே எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். புகுந்த வீட்டில் ஆறு பேருக்கு இரண்டு குடை. அதிலும் ஒன்று எப்போதும் யார் வீட்டிலோ இருக்கும்.

இன்று அந்தச் சித்தப்பா, அவளுடைய கொழுந்தன், சமையலறை வாசலில் வந்து நின்றான். பஸ் பணிமனையில் அவனுக்கு நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைக்கப் போகிறானாம். நாளைக் காலை ராஜினாமா.

"கடை ஓடலேன்னா?" என்றாள், நறுக்கிய காரட்டை ஒதுக்கியபடி.

"அதான் அண்ணன் இருக்காரே அண்ணி."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"இன்னும் அவர்கிட்ட சொல்லலை. என்ன சொல்லிடப் போறார்? அதான் உங்கண்ணி இருக்காளே, போடாம்பார்."

இப்படியொரு விண்ணப்பம் ஆபீசுக்கு வந்திருந்தால் உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பியிருப்பாள்.

"கொஞ்சம்கூட பயமா இல்லையா உனக்கு?"

"எதுக்கு?" என்றான். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"கடைக்காவது ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து வை."

"வீட்டுக்குள்ளேயே ஏஜென்ட் வேலையா? ஆளை விடுங்க."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, போய் எழுதிக் குடு. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒரு பிடி காரட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனான். வாசல்வரை சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு அவள் தோழிக்குப் போன் செய்தாள். இருவரும் சேர்ந்து நாற்றுப் பண்ணை தொடங்குவதாகப் பேச்சு. ஊருக்கு வெளியே இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் அவளும் வேலையை விடுவதாக இருந்தாள். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

"என் இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. எனக்கு இந்த ஆபீசே போதும்."

"என்னடி, கடைசி நேரத்துல பயந்துட்டியா?"

"ஆமா," என்றாள்.

இரண்டு பேச்சையும் கேட்டது கடவுள் ஒருவர்தான். அவரும் யாரிடமும் போய்ச் சொல்கிறவர் அல்ல.

அவள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பெண் வீட்டிலிருந்து ஒருவரும் வராததால் அந்தப் பக்கம் நாற்காலியே போடவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தான். மாமியார் முறைத்தபோது, "நான் பொண்ணு வீட்டு ஆளும்மா" என்றான்.

அவனுக்கு அது நினைவில் இல்லை. அவளும் சொன்னதில்லை.