நாலாவது தடவை

தீய்ந்துபோன வாணலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் ராங்கி கதவைத் திறந்தாள். வாசலில் அம்மா. அம்மாவுக்குப் பின்னால், தலைக்குப் புதிதாக மை அடித்துக்கொண்டு அப்பா.

ராங்கி என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அந்த இருபத்தாறு வயதுக்காரிக்கு அது அச்சாகப் பொருந்தியது.

"சண்டை போட வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வேலை இருக்கு."

"பெத்தவங்களை உக்காரச் சொல்லத் துப்பில்ல, வாய் மட்டும் வக்கணையா இருக்கு." அம்மா அவளை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறே. தலைக்கு மேல தொங்குற ஒட்டடை உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"என் வீடு, என் ஒட்டடை. உங்களுக்கு என்ன?"

'எங்கே போறே, எப்ப வருவே' என்று அம்மா கேட்டதில் ஒரு நாள் வீட்டில் சண்டை மூண்டது. இனி இந்த வாசப்படியை மிதித்தால் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று சபதம் போட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் இந்த ஒற்றை அறைக்கு வந்தவள்.

முதல் வாரம் ராஜபோகம். கட்டிலில் சாய்ந்துகொண்டு ஐஸ்கிரீம், குளியலறைக் கதவைத் திறந்து போட்டுப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூக்கம். ஏன் என்று கேட்க நாதியில்லை. போன வாரம் காய்ச்சலில் கிடந்தபோதும் நாதியில்லை. ஒரு டம்ளர் வெந்நீருக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அழுகையே வந்துவிட்டது.

நேற்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆனால் தானாகப் போய் நின்றால் மானம் கப்பலேறிவிடாதா? அவர்களாகக் கூப்பிட வேண்டும்.

"அது என்ன, கதவு மூலையில பெட்டி?" அம்மாவின் முகம் சட்டென்று கறுத்தது. "எங்கடி கிளம்பிட்டே?"

"கடையில வெளியூருக்கு அனுப்பறாங்க. ரெண்டு நாள் முகாம்."

"அவ்வளவுதானே?" அம்மா பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எவனையோ இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள், புத்தி அப்படி, என்று ராங்கி பல்லைக் கடித்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நம்ம வீட்டுக்கே வந்துடேன் கண்ணு."

ராங்கிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு கரண்டி சோறானாலும் சரி, வந்த மாப்பிள்ளையானாலும் சரி, மூன்று தடவை வேண்டாம் என்றுவிட்டு நாலாவது தடவை கேட்கும்போதுதான் தலையை ஆட்டுவார்கள். கேட்டவுடனே சரி என்றால் பறக்காவெட்டி என்று பேர் வந்துவிடும்.

"முடியாது," என்றாள்.

"அப்பா கேக்கறாரில்ல? வர்றியா இல்லையா?" என்று அம்மா எகிறினாள்.

"அங்க தும்மினாக்கூட ஏன் தும்மினேன்னு சொல்லணும். வரலை."

"கடைசியாக் கேக்கறேன். உன் சித்தப்பா குடும்பம் தனியாப் போயாச்சு, அத்தையும் மக வீட்டோட போயாச்சு, தம்பியும் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். அவ்வளவு பெரிய வீட்டுல நானும் உங்கப்பாவும் மட்டும்தான். வருவியா, மாட்டியா?"

ராங்கி கதவு மூலைப் பெட்டியைப் பார்த்தாள். பாவம், இரண்டு பேரும் பேய் மாதிரி அந்த வீட்டில் எப்படித்தான் கிடக்கிறார்களோ! ஆனாலும் கணக்கு கணக்குதான்.

"மாட்டேன்னா மாட்டேன்!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அப்பா வாயைத் திறந்தார். "இல்ல கண்ணு, இன்னொரு..." என்று ஆரம்பித்தவர், "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்துக் குனிந்து காலைப் பார்த்தார். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"ராங்கிக்காரி, நீ எங்க திருந்தப் போறே? வாங்க, போலாம்."

கதவு சாத்திக்கொண்டது. ராங்கி அசையாமல் நின்றாள். இன்னொரு தடவை கேட்டால் வாய் தேய்ந்தா போய்விடும்? பெற்ற பெண்ணைவிட ஜம்பம் பெரிதா? கையில் கிடைத்த தலையணையைச் சுவரில் வீசினாள்.

அடுத்த நிமிடம் இந்த அறையின் அமைதி அவள் கழுத்தை நெரித்தது. மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று ஓடினாள்.

கடைசித் திருப்பத்தில் அப்படியே நின்றாள். கீழே அம்மா அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மாவை ராங்கி பார்த்ததே இல்லை.

"எங்கே நாலாவது தடவையும் கேட்டுத் தொலைச்சிடுவீங்களோன்னுதான் காலை மிதிச்சேன்," என்றாள் அம்மா. "இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தானே நமக்குத் தனிக்குடித்தனம்!"