தண்ணீர் நிற்காத தொட்டிகள்

"ஊர்ல இருக்கிற செடிக்கெல்லாம் பாலும் தேனுமா கலந்து கொடுக்கறே. எங்க அப்பா செடிக்கு மட்டும் செங்கல்லும் ஜல்லியுமா?"

லீவு நாளும் அதுவுமாக மாடியில் நின்று மனைவியைப் பொரிந்து தள்ளினான் அவன்.

அவளுக்குச் செடிப் பண்ணையில் தொட்டி மண் கலக்கும் வேலை. எந்தச் செடிக்குத் தேங்காய் நார்த்தூள் எவ்வளவு, உரம் எவ்வளவு என்று அவள் கைக்கே தெரியும் என்பார் முதலாளி.

அப்படிப்பட்டவள், போன மாதம் மாமனாரின் எட்டுத் தொட்டிகளையும் கவிழ்த்து, இருந்த நல்ல மண்ணை எடுத்துவிட்டு, உடைந்த செங்கல்லும் மரப்பட்டையும் பொடிக்கல்லுமாக நிரப்பி வைத்திருக்கிறாள். சற்று முன்தான் அவன் கண்ணால் பார்த்தான். அப்பா மேலே ஊற்ற ஊற்ற, தண்ணீர் அடி ஓட்டை வழியாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வாய் நின்றால்தானே செடி குடிக்கும்?

அம்மா போன பிறகு அப்பா மனம்விட்டுப் பேசுவதே இந்தச் செடிகளிடம்தான். அதுகள் வயிற்றில் அடிப்பாளா ஒருத்தி? நினைக்க நினைக்க அவனுக்கு ஆறவில்லை.

அவள் தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அப்பா பூவாளியோடு மறுபடி படியேறி வந்தார்.

"என்னப்பா, மணி பதினொண்ணாகுது. இன்னும் ஒருத்தரும் இதுங்களுக்குத் தண்ணி ஊத்தலையா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லை மாமா. நீங்களே ஊத்திடுங்க."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொன்றிடமும் நலம் விசாரித்தபடி எட்டுக்கும் ஊற்றிவிட்டு, திருப்தியாக இறங்கிப் போனார்.

"இப்பதானே ஊத்தினார்?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"காலையிலேர்ந்து இது அஞ்சாவது தடவை. நீங்க விடிஞ்சா போறீங்க, இருட்டினா வர்றீங்க, உங்களுக்கு எங்கே தெரியும்? நல்ல மண்ணு அத்தனை தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கிச்சு. வேர் அழுகி, பத்துல ரெண்டு செடி போயிடுச்சு. இலை வாடினதைப் பார்த்துட்டு, தண்ணி ஊத்த மறந்துட்டேன் போலிருக்கேம்மான்னு மாமா உட்கார்ந்து அழுதார்."

அவன் குனிந்து, ஒரு தொட்டியிலிருந்த செங்கல் துண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"அதான், அவர் எத்தனை தடவை ஊத்தினாலும் சாகாத மாதிரி கலந்து வச்சேன்."