சுற்றுவழியில் கடல்

"மெயின் ரோட்ல போனா அரை மணி நேரத்துல கடலுக்குப் போயிடலாம்ல?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் மனைவி.

"போலாம். ஆனா இந்த ஏரியும் மரநிழலும் அங்க கிடைக்குமா?" என்றான் கணவன்.

கல்யாணமான ஆறு வருடத்தில் அவன் இப்படிப் பேசியதே இல்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிரே ஆள் வரும்போதெல்லாம் அவன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரையில் வண்டியை நிறுத்தியதும், பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அக்கா விறுவிறுவென்று வந்து நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு பின்னால் வந்த தன் கணவரிடம் திரும்பினாள்.

"ஏங்க, இது நம்ம வண்டி! மெக்கானிக் இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்கார்னு சொன்னீங்க. அவரே ஜாலியா ஓட்டிட்டு வந்திருக்காரு!"

ஹெல்மெட்டும் கையுமாக நின்ற மெக்கானிக் முந்திக்கொண்டான். "அக்கா, வண்டியில ஒரு குறையும் இல்ல. நீங்க கடலுக்குப் போகணும்னு நச்சரிக்கிறீங்களாம். 'ஒரு வாரம் ஷெட்லயே வெச்சிரு'ன்னு சார்தான் கெஞ்சினாரு. சும்மா நின்னா பேட்டரி இறங்கிடுமேன்னு..."

சார் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா சாவியைப் பிடுங்கினாள். மெக்கானிக்கின் மனைவியிடம், "நீ ஏறும்மா. இவங்க பஸ்ல வரட்டும்" என்றாள்.

வண்டி மறுபடியும் ஏரிப் பக்கமே திரும்பியது.

"அக்கா, மெயின் ரோட்ல போனா சீக்கிரம் போயிடலாமே?"

"எதுக்கு? முதல்ல போய்ச் சேர்றவங்கதான் சமைக்கணும்."