மைனஸ் இருபத்தெட்டு

"இருபத்தெட்டு மாஸ்க் காணோமா?" என்றார் முதலாளி மாதவராஜ்.

"காணோம்னு சொல்ல முடியாதுங்க சார்," என்றாள் கனிமொழி. "மைனஸ் இருபத்தெட்டுன்னு காட்டுது. அதாவது, இந்த மாசம் நாம வாங்குனது நூத்தி இருபது, அதை விட இருபத்தெட்டு அதிகமா வெளிய போயிருக்கு."

"வாங்காதது எப்படிம்மா வெளிய போவும்?"

அதுதான் கனிமொழிக்கும் புரியவில்லை. இண்டூர் ரோட்டில் இருக்கும் அந்த கிரானைட் கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஸ்டோரில் எது எவ்வளவு இருக்கிறது, அடுத்த மாதம் எவ்வளவு வாங்க வேண்டும், எல்லாம் இனி அதுதான் சொல்லும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கனிமொழிக்கு. முதல் மாதமே இப்படி ஒரு சிவப்பு எழுத்து வந்து நிற்கிறது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் முதலாளியின் கை நிற்கவில்லை. அடுத்த மாதம் வாங்க வேண்டியதற்கெல்லாம் சிஸ்டம் அடித்துக் கொடுத்த தாள் கட்டில் மடமடவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க சார்."

"சிஸ்டம் கேட்டா சரியாத்தான் இருக்கும். தப்பு பண்றது மனுசங்கதான். ஸ்டோர்ல சகாயமேரிதானே? போய் என்னன்னு பாரு. கை வெச்சிருந்தா நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிடலாம்."

பதினேழு வருடமாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் சகாயமேரி. ஐம்பதைத் தாண்டிய வயதில், போன மாதம்தான் ஒற்றை விரலால் கம்ப்யூட்டர் தட்டப் பழகியிருந்தார். ஏதோ தப்பாகத் தட்டியிருப்பார் என்றுதான் கனிமொழி நினைத்தாள்.

ஸ்டோருக்குப் போய் ரேக்கில் இருந்ததை எண்ணினாள். பன்னிரண்டு மாஸ்க் இருந்தது.

ஒன்றுமே இல்லாததை விடவும் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருக்கிறது. இன்னொரு தடவை எண்ணினாள். அதே பன்னிரண்டு.

சரி, கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதியிருப்பார் என்று நேராக பாலிஷ் செக்ஷனுக்குப் போய் நஞ்சப்பனைக் கேட்டாள்.

"வாங்குனேங்க," என்றான் அவன். "வாரம் ஒன்னுதான்னு சொன்னீங்க. தண்ணி ஊத்திக்கிட்டே பாலிஷ் போடுறது, மூணு நாள்ல ஊறிப்போயி மூக்குல ஒட்டிக்குது. மேரியக்காதான் இன்னொன்னு குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குனேன்."

இன்னும் நான்கு பேரைக் கேட்டாள். அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ஆக, கணக்கில் பொய் இல்லை. அதிகமாக வெளியே போன இருபத்தெட்டும் ரேக்கில் இருக்கிற பன்னிரண்டும் சேர்ந்தால் நாற்பது. பெட்டிக்கு இருபது. பில்லே இல்லாமல் இரண்டு பெட்டி உள்ளே வந்திருக்கிறது.

"எங்கிருந்துக்கா வந்துச்சு?"

"முதலாளி கேட்டா சொல்லிக்கிறேன் பாப்பா," என்றார் சகாயமேரி. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

திருடினால் குறைய வேண்டும். கூடுகிற திருட்டைக் கனிமொழி கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நிமிராத அந்த முகத்தைப் பார்த்தபோது சந்தேகம் வந்தது.

சாயந்திரம் முதலாளி அறையில் விசாரணை.

"பில் இல்லாத சரக்கை யாரு குடுத்தது?" என்றார் மாதவராஜ். "எந்தக் கம்பெனிப் பெட்டியை எடுத்தாந்து இங்க வெச்சீங்க?"

"யாருதும் இல்லீங்க. தர்மபுரி கடையில நான் வாங்குனது."

"நீங்க எதுக்கு வாங்கணும்?"

"எங்க வூட்டுக்காரரு இங்க பாலிஷ்ல பதினாலு வருசம் கல்தூசியில இருந்தாருங்க. இப்ப கட்டில்ல இருந்து பாத்ரூமுக்குப் போறதுக்குள்ள மூணு தடவை உக்காந்து மூச்சு வாங்குறாரு. பாலிஷ் போடுறவங்களப் பாத்தா அதான் நெனப்பு வருது."

முதலாளியின் குரல் இறங்கியது. "என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேங்க. ஆளுக்கு வாரம் ஒன்னுதான்னு திரும்பி வந்துடுச்சு."

கனிமொழிக்கு முகம் சுட்டது. அந்த இரண்டு தாளையும் திருப்பி அனுப்பியவள் அவள்தான். செலவைக் குறைக்கச் சொல்லி முதலாளி போட்ட உத்தரவு என்றாலும், 'அனுமதி இல்லை' என்று எழுதியது அவள் கை.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு இன்னும் புரியவில்லை. "நீங்க வாங்குனதை சத்தமில்லாம குடுத்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதுக்கா. ஒவ்வொன்னையும் எதுக்கு சிஸ்டத்துல ஏத்துனீங்க? வேலையே போயிருக்குமே."

"நீதானே பாப்பா சொல்லிக் குடுத்த," என்றார் சகாயமேரி. "முதல் மாசம்தான் ஆளுக்கு இவ்ளோன்னு நாம போடுறது, அப்புறம் எவ்ளோ செலவாவுதுன்னு பாத்து அதுவே கேக்கும்னு. மனுசங்ககிட்ட எழுதிக் குடுத்துப் பாத்தேன், ஆவல. சரி, அதுகிட்டயாவது சொல்லி வெப்போம்னு தோணுச்சு."

மாதவராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு வழக்கம்போல வாங்கம்மா. இனிமே உங்க கைக்காசைப் போடாதீங்க." கனிமொழி பக்கம் திரும்பினார். பேனாவைத் திறந்தபோது முகத்தில் பெருந்தன்மை வந்திருந்தது. "அடுத்த மாசத்துக்குக் கூடுதலா மாஸ்க் கேட்டு ஒரு தாள் அடிச்சுக் குடும்மா. இவங்களுக்காக நான் கையெழுத்துப் போடுறேன்."

கனிமொழி மேசையில் இருந்த தாள் கட்டைப் புரட்டினாள். காலையில் அவளும் அதைப் படித்துப் பார்த்திருக்கவில்லை. ஏழாவது தாளில் அவள் கை நின்றது.

"வேணாங்க சார். நூத்தி நாப்பத்தெட்டு வேணும்னு சிஸ்டமே கேட்டிருக்கு. காலையிலயே நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."